இரண்டு பெட்டியும் ஒரு பெருவிரலும்

பௌஸி நானாவின் கடைக்குள் நுழையும்போதே இராமர் ஒரு குடையை மிதித்துவிட்டான்.

குடையை மட்டும் மிதித்திருந்தால் பரவாயில்லை... குடைக்குப் பக்கத்தில் ஒரு காலும் இருந்தது. மெல்லிய கொலுசு போட்ட கால்.

“ஐயோ அம்மா!”

“ஐயையோ... பார்க்கலைங்க... மன்னிச்சிருங்க...”

“கண்ணை எங்க வச்சுக்கொண்டு வாறியள்?”

கண்ணை எங்கே வைத்திருந்தான்? அதுவரைக்கும் கண்ணாடி அலுமாரிக்குள் தொங்கிய கிட்டார்களில் வைத்திருந்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாளே, அதற்குப் பிறகு அலுமாரி எந்தப் பக்கம் இருந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை. கோபத்தில் அகலமாகத் திறந்திருந்த கண்கள்... வலது பக்க இமையில் ஒரு மழைத்துளி, விழட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அவள் கண்ணைச் சிமிட்டினாள். துளி விழுந்தது. இராமருக்கு நெஞ்சுக்குள் எதுவோ சேர்ந்து விழுந்தது.

“குடைக் கம்பி ஒடிஞ்சிட்டுது! இந்த மழைக்குள்ள நான் எப்பிடி வீட்டை போறது?”

“நான் புதுசு வாங்கித் தர்றேங்க...”

“ஒண்டும் வேண்டாம். முதல்ல காலை எடுங்கோ. இன்னும் குடைக்கு மேலதான் நிக்கிறியள்!”

அப்போதுதான் குனிந்து பார்த்தான். உண்மைதான்... நின்றுகொண்டுதான் இருந்தான்.

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது பௌஸி நானாவின் கடை. கிட்டார், கீபோர்ட், அதற்கு வேண்டிய கம்பி, வயர் எல்லாம் அங்கே கிடைக்கும். கொச்சிக்கடைக் கோடவுனில் பகல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி, தோளில் சீனித் தூசியோடு இராமர் அங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்குப் பெயர் யூஜினா அக்கா.

கொட்டாஞ்சேனையில் கல்யாண வீடுகளுக்குப் பாடப்போகும் ஒரு கோஷ்டியை நடத்துகிறவர் யூஜினா அக்கா. அவர்தான் பாட்டு. இராமர்தான் கிட்டார். போன ஞாயிறு ஒரு மண்டபத்தில் அவன் கிட்டார் பாட்டுக்கு நடுவே ‘ங்ங்ங்...’ என்று இரைந்து தொலைத்தது. மின்விசிறி போட்டால் இரைச்சல், டியூப் லைட் போட்டால் அதைவிட இரைச்சல். மாப்பிள்ளையின் தகப்பனார் எழும்பி வந்து ‘எங்கேயோ வயர் பத்துது’ என்று மெயின் சுவிட்ச் தேடிப் போய்விட்டார்.

“வாற ஞாயிறு கொச்சிக்கடையில பெரிய கல்யாணம்டா இராமர்,” என்று அக்கா சொல்லிவிட்டார். “அண்டைக்கும் உன் கிட்டாருக்குள்ள தேனீ சத்தம் கேட்டிச்சோ... நீ பெட்டி தூக்க மட்டும் வா. மேடைக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்.”

பெட்டி தூக்குவது அவனுக்குப் புதிதில்லை. பதினொரு வயதில் பேலியகொடையில் மீன் பெட்டி தூக்கத் தொடங்கிய உடம்பு அது. கிழமையில் ஆறு நாளும் அவன் ஒரு முதுகு. அவ்வளவுதான். ‘டேய், இங்க ஒரு ஆள் வா’ என்று முதுகைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஏறி நிற்கிற அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான் அவனுக்கு ஒரு முகம் இருந்தது. அதையும் பறிகொடுத்துவிட்டால்...?

“வாங்கோ தம்பி, வாங்கோ!” என்று பௌஸி நானா முக்காலியில் இருந்து எழும்பினார். “வந்த ஒடனேயே சண்டையா? நீங்க போன்ல கேட்டது ஈக்கி. கம்பிட சத்தத்தப் புடிக்கிற கட்டை... ஹம்பக்கர் பிக்கப், ரெண்டு செட். இந்தத் தங்கச்சியும் அதுக்குத்தான் வந்தீக்கிறா. இந்த மாசத்துல மட்டும் மூணாம் தரம்.”

இராமர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். இவளா? இரட்டைப் பின்னல், காதில் சின்னத் தோடு, கையில் ஒடிந்த குடை... எலெக்ட்ரிக் கிட்டாரா?

“என்ன பாக்கிறியள்? பொம்பிளைப் பிள்ளை எண்டால் வீணைதான் வாசிக்கோணுமோ?”

“நான் ஒண்ணுமே சொல்லலையேங்க...”

“உங்கட முகம் சொன்னது.”

அவனுக்கு ஒரு முகம் இருக்கிறது என்று அன்றைக்கு மேடை இல்லாமலே ஒருத்தி சொல்லிவிட்டாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாளே...

நானா இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டும் கறுப்பு. இரண்டிலும் மூடிக்கு மேல் வெள்ளியில் வளைந்து வளைந்து இங்கிலீஷ் எழுத்து. திறந்தால் உள்ளேயும் அப்படித்தான்... சுண்டுவிரல் நீளத்தில் கறுப்புக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை சின்னத் திருகாணி, வால் மாதிரி நாலு நிற வயர்.

“கேளுங்கோ தம்பி. ஒங்கட பழைய பிக்கப்ல ஒரு சுருள்தான் ஈக்கி. தனிய நிக்கிற சுருள் ஊர்ல ஈக்கிற சத்தமெல்லாம் இழுத்துக்கொள்ளும். இதுல ரெண்டு சுருள். ஒண்டுக்கு ஒண்டு எதிர்ப் பக்கமாச் சுத்தி, ஒட்ட வெச்சீக்கி. ரெண்டுட இரைச்சலும் ஒண்ட ஒண்டு அடிச்சிக்கொண்டு போயிரும். பாட்டு மட்டும் மிஞ்சும். கல்யாணம் மாதிரி எண்டு வெச்சிக்கோங்கோ!”

“கல்யாணத்தில பாட்டுப் போய் இரைச்சல்தானே நானா மிஞ்சும்?” என்றாள் அவள்.

நானா சிரித்தார். இராமரும் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரிக்கப் பார்த்து... குடை ஞாபகம் வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சரி நானா, இந்த ரெண்டுல என்ன வித்தியாசம்?” என்று இராமர் கேட்டான்.

“அதுதான் மூண்டு கிழமையா என்ட தலையிடி,” என்று அவள் முந்திக்கொண்டாள். “ஒரே கொம்பனி. ஒரே வயர். மீற்றர் வச்சுப் பாத்தால் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் காட்டுது. உள்ளுக்கிருக்கிற காந்தம்தான் வேறயாம். ஒண்டு மெத்தெண்டு பாடும், மற்றது கடிக்கும். எனக்குக் கடிக்கிறதுதான் வேணும். நானும் மூண்டு சிநேகிதியளும் தெஹிவளையில ஒரு பிளட் வீட்டில வாசிக்கிறனாங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு தரம் பொலிசுக்குப் போன் அடிச்சிட்டார்... அந்த மாதிரிப் பாட்டு. ஆனால் நெட்டில பாத்தால், ஒரே செட்டை ஒருத்தன் வெண்ணெய் எண்டுறான், இன்னொருத்தன் பிளேட் எண்டுறான். வாசிச்சு வாசிச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்கப் பாக்குது.”

“எனக்கு மெத்துன்னு பாடுறதுதாங்க வேணும். அக்கா குரலுக்குக் கீழ படுத்துக்கிற மாதிரி...” என்று சொல்லிக்கொண்டே இராமர் இடுப்பில் துணி சுற்றிச் செருகியிருந்ததை வெளியே எடுத்தான்.

அவள் ஓரடி பின்னால் போனாள். “அதென்ன... கத்தியோ?”

“கத்தி இல்லீங்க. மூட்டைக் கொக்கி. கோடவுன்ல வேலை. இத மூட்டையில குத்துறப்பவே உள்ள சீனியா அரிசியான்னு கைக்குத் தெரிஞ்சிரும். காந்தம் எவ்வளவு இழுக்குதுன்னா தெரியாமப் போயிரப்போகுது?”

கொக்கியை இரண்டு விரலால் நூலில் தொங்குவது போலப் பிடித்து, முதல் கட்டையின் திருகாணிக்கு மேலே மெல்லக் கொண்டுபோனான். கொக்கி தயங்கித் தயங்கிச் சாய்ந்தது. அடுத்த பெட்டியின் கட்டைக்குக் கொண்டுபோனான். ‘டக்!’ கொக்கி பாய்ந்து ஒட்டிக்கொண்டது.

“இது மெத்து. அது கடி,” என்றான் இராமர்.

“தாங்கோ பாப்பம்!”

அவள் கை நீட்டினாள். தழும்பேறிய அவன் விரலில் இருந்து கொக்கி அவள் விரலுக்கு மாறியபோது, ஒரு விரல் இன்னொரு விரலைத் தொட்டது... தொட்டதா? இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொக்கியை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

“ஓம்! இது கையைப் பிடிச்சு இழுக்குது!” கண்ணைத் திறந்தாள். மழைக்குப் பிறகு கடல் பக்கம் வானம் வெளுக்குமே, அப்படி இருந்தன கண்கள். “மூண்டு கிழமை வாசிச்சும் பிடிபடாததை மூண்டு நிமிசத்தில சொல்லிப்போட்டியள். குடையை மன்னிச்சன்!”

இரண்டு பேரும் நானாவுக்குக் காசைக் கொடுத்து முடிக்க, பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நானா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். “நான் தொழுதிட்டு வாறன். பெட்டிக்குள்ள போட்டு எடுத்திட்டுப் போங்கோ. பேர் மூடியில எழுதியீக்கி.”

அவள் ஒடிந்த குடைக் கம்பியை நிமிர்த்துவதில் இருந்தாள். “நீங்களே பெட்டியில போட்டுத் தாங்கோவன்,” என்றாள்.

இராமர் இரண்டு பெட்டிகளையும் பார்த்தான். காந்தம் பார்க்கிற அவசரத்தில் நாலு கட்டையும் மேசைக்கு வந்திருந்தன. எது மெத்து, எது கடி என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பெட்டி எதனுடையது என்றுதான் தெரியாது. மூடியில் எழுதியிருந்தது, கொடியில் காயப்போட்ட யாரோ வீட்டு உடுப்பு மாதிரி வளைந்து தொங்கியது. தமிழ் எழுத்தே மூன்று வருஷத்துக்கு முன், இருபத்தெட்டாவது வயதில், கோயில் மண்டபத்து வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்ததுதான். இங்கிலீஷ் இன்னும் கிட்ட வரவில்லை.

‘எந்தப் பெட்டிங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் சொல்லியிருப்பாள். ஆனால் இப்போதுதானே ‘மூண்டு நிமிசத்தில சொல்லிப்போட்டியள்’ என்று அந்தக் கண்கள் அவனைப் பெரிய ஆளாகப் பார்த்தன... அந்தப் பார்வையை உடனே திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு குத்துமதிப்பில் போட்டு மூடினான்.

அவள் வந்து மூடியை வாசித்து, தனக்கு உரிய பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

கீழே புடவைக்கடைத் தாழ்வாரத்தில் மழை அவர்களை மறித்தது. காலி வீதி முழுக்க ஒரே வெள்ளைத் திரை. பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு நீந்திப் போயின.

“குடை ஒடிச்சதுக்குத் தண்டனை. மழை விடுமட்டும் நிண்டு கதைக்கோணும்,” என்றாள் அவள். “நான் யதுஷா. மார்க்கெட்டுக்கு முன்னால போன் திருத்துற கடையில வேலை.”

“இராமர்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதாங்க. தண்டனை பேசுறதுன்னுதானே சொன்னீங்க... எவ்வளவுன்னு சொல்லலையே?”

அவள் சிரித்தாள். மழைச் சத்தத்துக்குள்ளும் அது தனியாகக் கேட்டது. “கதைக்கத் தெரியாத ஆள் எண்டு நினைச்சன்... சரி, நம்பரைத் தாங்கோ. பிக்கப் பூட்டேக்க சந்தேகமெண்டால் மெசேஜ் போடுங்கோ. வயர் ஒட்டுற சோல்டர் அயன் இல்லாட்டி எனக்குக் கை நிக்காது.”

அன்றைக்கு மழை எவ்வளவு நேரம் பெய்தது என்று இராமரிடம் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டான். அது விட்டதுதான் குறை என்பான்.

மறுநாள் மத்தியானம், கோடவுன் வாசலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது போன் அதிர்ந்தது. யதுஷா! அந்தப் பெயரைத் தமிழில் பதிந்து வைக்க முந்தின நாள் அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கை துடைத்துக்கொண்டு திறந்தான்...

எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

தமிழாகத்தான் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புகிறார்கள், அவனும் பார்த்திருக்கிறான். ஆனால் அவனுக்கு அது பூட்டிய கதவு. பக்கத்தில் சாப்பிட்டவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாமா? நல்ல வார்த்தையாக இருந்தால் அதை இன்னொருத்தன் வாயால் கேட்பதா? கெட்ட வார்த்தையாக இருந்தால் அதைவிட மோசம். போன் எடுத்துப் பேசலாமா? ‘நான் எழுதினதை வாசிச்சீங்களோ’ என்று கேட்டால்...?

யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு பெருவிரல் படத்தை அனுப்பினான். எல்லாரும் எல்லாவற்றுக்கும் அனுப்புவதுதானே.

பின்னேரம் இன்னொரு மெசேஜ். முடிவில் கேள்விக்குறி. கேள்வி கேட்டால் ஆம் என்பதுதானே மரியாதை? இன்னொரு பெருவிரல். மறுநாள் காலை மூன்றாவது, நீளமாக, இரண்டு கேள்விக்குறியோடு. அதற்கும் பெருவிரல். கொஞ்ச நேரத்தில் நாலாவது வந்தது... அவன் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அழிந்து போனது. அதற்குப் பிறகு போன் அதிரவே இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையில் ஒத்திகை. தெருவில் ரேடியோ திருத்துகிறவர் பிக்கப்பைப் பூட்டிக் கொடுத்திருந்தார். இராமர் கிட்டாரை எடுத்தான். இரைச்சல் துளிகூட இல்லை. யூஜினா அக்கா முகம் மலர்ந்து பாடத் தொடங்கினார்... இரண்டே வரி. கையை உயர்த்தி நிறுத்தினார்.

“டேய் இராமர்! தேனீ போயிட்டு, சந்தோஷம். இதென்னடா, கடுவன் பூனைய உள்ள விட்டிருக்க? நான் தாலாட்டுற மாதிரிப் பாடுறேன், உன் கிட்டார் என் தொண்டையில ஏறி நின்னு கத்துது. பொண்ணு மாப்பிள்ளை கை கோர்க்கணுமா, குத்துச்சண்டைக்குப் போகணுமா?”

“மெத்துன்னு பாடணுமேக்கா... நான் பார்த்துத்தானே வாங்கினேன்...”

“நீ பார்த்த லட்சணம்! ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா சொல்லிரு.”

இராமர் சுவர்ப் பக்கம் திரும்பி, இடுப்பில் இருந்த கொக்கியை எடுத்துக் கட்டைக்கு மேல் பிடித்தான்.

‘டக்!’

கடிக்கிறது! அவளுடையது! அப்படியென்றால் மெத்தென்று பாடுவது அவளிடம்... பெட்டி மாறிவிட்டது. மாற்றியது இந்தக் கை. அப்போதுதான் அவனுக்கு அந்த மெசேஜ்கள் ஞாபகம் வந்தன. என்ன எழுதியிருப்பாள் என்று இப்போது எழுத்துத் தெரியாமலே தெரிந்தது. அதற்கு அவன் என்ன பதில் அனுப்பினான்?

பெருவிரல்... ஐயோ!

அவளிடம் போகாமல் விடலாம். விட்டால் மேடை போகும். போனால் உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் அந்தக் கண்ணில் இருந்து தான் இறங்கிவிடுவான். இரண்டு நாள் மூட்டையோடு மூட்டையாக இதையும் சுமந்தான். கோடவுனில் எந்த மூட்டையும் இவ்வளவு கனக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், கிட்டாரை முதுகில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினான்.

ஒடுங்கின கடை. முன்னால் மூன்று பேர் உடைந்த போனோடு காத்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் யதுஷா, கையில் சோல்டர் அயனோடு, நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்கோ பெருவிரல்!”

காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னங்க... பெட்டி மாறிப் போச்சு...”

“அப்பிடியே? இண்டைக்குத்தான் தெரியுமோ? நான் மூண்டு தரம் கேட்டனான். மூண்டு தரமும் விரலைத் தூக்கிக் காட்டினீங்கள்! என்ன திமிர் உங்களுக்கு? ஒரு சொல்லு எழுதினால் கை தேய்ஞ்சு போயிடுமோ?”

“திமிர் இல்லீங்க...”

“பின்னை என்ன? சொல்லுங்கோ!”

மூன்று பேரும் போனை மறந்து அவன் வாயையே பார்த்தார்கள். ஒரு பொய் சொல்லலாம். போன் பழுது என்று சொல்லலாம்... போன் திருத்துகிற கடையில் நின்றுகொண்டு! இராமர் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கியைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுங்க. தமிழே மூணு வருஷமாத்தான்... அதுவும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அன்னைக்குப் பெட்டி மூடியில என்ன எழுதியிருந்திச்சுன்னு தெரியாமத்தான் போட்டேன். உங்ககிட்ட கேட்டிருக்கலாம். வெக்கமா இருந்திச்சு. நீங்க அனுப்பினது ஒண்ணையும் நான் வாசிக்கலைங்க. வாசிக்கத் தெரியாது. அதான் அந்த விரலு.”

இராமர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்தான். வாசல் மூலையில் அந்த ஒடிந்த குடை நின்றது.

“ஏன் முதலே சொல்லேல்லை?” குரல் வேறு மாதிரி இருந்தது.

“சிரிப்பீங்கன்னு நினைச்சேன்.”

“நான் உங்கட கொக்கியைப் பாத்துச் சிரிச்சனானோ?”

“...இல்லை.”

“மூண்டு கிழமை உலகத்தில இருக்கிற எல்லாத்தையும் வாசிச்சனான். எனக்கு என்ன தெரிஞ்சது? ஒண்டும் தெரியேல்லை. நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? அந்த நன்றி எனக்கு இருக்காதோ?” அவள் தடுப்புக் கதவைத் திறந்தாள். “உள்ள வாங்கோ. என்ட கிட்டாரும் இஞ்சதான் நிக்குது.”

பார்த்தான். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கிட்டார்.

“கடைக்கு எதுக்குங்க கொண்டாந்தீங்க?”

“ரெண்டு நாளாக் கொண்டுவந்து வச்சிருக்கிறன்... ஆரோ ஒருத்தர் வருவார் எண்டு.” சொல்லிவிட்டு அவசரமாகத் திருகாணி கழற்றத் தொடங்கினாள்.

காத்திருந்த அம்மா ஒருவர், “பிள்ளை, என்ட போன் நாளைக்கு எடுக்கிறன்... நீ அதைப் பார்,” என்று சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவள் சூடு வைத்தாள். அவன் வயரைப் பிடித்தான். சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு... ஒவ்வொரு நிறமாக அவள் சொல்ல, ஒவ்வொன்றாக அவன் நீட்டினான். சின்னப் புகை எழும்பி இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் சுருண்டது. அவள் கண்ணில் நீர் நின்றது.

“புகை,” என்றாள்.

“ஆமாங்க, புகைதான்,” என்றான். அவன் கண்ணிலும் இருந்தது.

“நான் என்ன எழுதினனான் எண்டு கேக்கேல்லையே?”

“கேக்கலாமாங்க?”

அவள் போனை எடுத்து, குரலைத் தாழ்த்தி வாசித்தாள். “முதலாவது... ‘இராமர், பெட்டி மாறிட்டுது போல. என்டது மெத்தெண்டு பாடுது. மாத்துவமே?’ அதுக்குப் பெருவிரல். சரியெண்டு நினைச்சன், ஆளைக் காணேல்லை. ரெண்டாவது... ‘மாறினது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?’ அதுக்கும் பெருவிரல்! மூண்டாவது...” நிறுத்தினாள். காது மடல் சிவந்தது. “‘வேணுமெண்டுதான் மாத்தினீங்களோ? திரும்பவும் என்னைப் பாக்கலாம் எண்டோ?’”

இராமர் பிடித்திருந்த வயரை நழுவவிட்டான். “அதுக்கும் நான்...?”

“அதுக்கும் தான்!”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்து அடங்கியதும் அவன் மெல்லக் கேட்டான். “நாலாவது ஒண்ணு வந்து அழிஞ்சிச்சே...”

“அது வாசிக்கமாட்டன். வயரைப் பிடியுங்கோ.” கொஞ்சம் பொறுத்து, தலை நிமிராமலே சேர்த்துச் சொன்னாள். “மழைக்குள்ள நிண்டு சொன்ன அந்தக் கல்யாணம், நாளைக்கு எத்தினை மணிக்கு, எந்த மண்டபம்? சோல்டர் விட்டுதெண்டால் ஆர் பாக்கிறது? நான் வந்து நிக்கோணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தே மழை தூறியது. கொச்சிக்கடை மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. மின்விசிறி சுழன்றது, விளக்கெல்லாம் எரிந்தது, மாப்பிள்ளைக்குப் பெண் மாலை போட்டாள். யூஜினா அக்கா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார்.

இராமர் கம்பியைத் தொட்டான். இரைச்சல் இல்லை. கடி இல்லை. ஈரத் துணியால் நெற்றியைத் துடைத்துவிடுகிற மாதிரி ஒரு சத்தம், அக்காவின் குரலுக்குக் கீழே போய் மெல்லப் படுத்துக்கொண்டது. நாலு வரி முடிந்ததும் அக்கா கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மேடையில் வைத்து அவர் அவனைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தரம். பாட்டு முடிந்து கைதட்டல் எழும்ப, மைக்கில் சொன்னார்:

“கிட்டார்... எங்க இராமர்!”

கைதட்டல் அவன் பக்கம் திரும்பியது. யாருக்கு நன்றி சொல்வது? அக்காவுக்கா, நானாவுக்கா, மழைக்கா... அன்றைக்கு மிதிபட்ட அந்தக் குடைக்கா?

அந்தக் குடைதான்! மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம். ஒடிந்த கம்பியை யாரோ சோல்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, பச்சைச் சேலையில், பின்னலில் ஒரு சரம் மல்லிகையோடு யதுஷா நின்றாள்.

சாப்பாட்டு இடைவேளை வந்தது. எல்லாரும் எழும்பிப் பந்திக்குப் போக, மேடையில் அவனும் கதவோரம் அவளுமாக, நடுவில் வெறும் கதிரைகள். அவன் இறங்கி வரப் பார்த்தான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். ‘அங்கேயே இருங்கள்’ என்பது போல. தன் போனை எடுத்து எதையோ தட்டினாள்.

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

திறந்தான். தமிழ் எழுத்து!

மேடைப் படியில் உட்கார்ந்தான். முதல் எழுத்தில் விரலை வைத்தான். உதடு அசைய, ஒவ்வொன்றாகக் கூட்டினான். அவள் அவசரப்படவில்லை. கடைசி வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, அவன் வாசிப்பதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளியே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

‘இதுதான் அழித்த நாலாவது. வேண்டுமென்று மாற்றினீர்கள் என்றால் எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் உங்களைத் திரும்பப் பார்க்கவேண்டும் போலத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. எப்போதும் இருக்கும் போல இருக்கிறது.’

ஒரு தரம் வாசித்தான். சரியாகத்தான் வாசித்தோமா என்று திரும்பவும் முதல் எழுத்துக்குப் போனான். சரிதான். யாரும் வாசித்துச் சொல்லவில்லை. தன் கண்ணால், தன் வாயால், தானே வாசித்தான். கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க உட்கார்ந்து படித்த அந்த எழுத்துகள் எல்லாம் இந்த நாலு வரிக்காகத்தான் அவனிடம் வந்து சேர்ந்தன போல...

எழுத்து கலங்கியது. மேடையில் புகை எதுவும் இல்லை.

துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினான். ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்தான். அவள் காத்திருந்தாள். பந்தியில் பாயாசம் வந்துவிட்டது. அப்போதும் காத்திருந்தாள்.

‘வாசித்தேன். நானே வாசித்தேன். நீங்கள்தான் எனக்கு வேண்டும். மழை பெய்த நாளில் இருந்து. உங்களுக்குச் சம்மதமா?’

அனுப்பினான். தலை நிமிரப் பயந்து, போனையே பார்த்துக்கொண்டு இருந்தான். பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை...

நிமிர்ந்தான்.

வெறும் கதிரைகளுக்கு அந்தப் பக்கம் யதுஷா எழும்பி நின்றிருந்தாள். கண்ணும் முகமும் சிரிப்பாக, கையை உயரத் தூக்கி, அவனுக்குப் பெருவிரலைக் காட்டிக்கொண்டு.